ஹக்கோடா 1902: வழிகாட்டிகளுக்கு என்ன நடந்தது?

ஜப்பானின் பிரதான தீவினுடைய வட முனையில், ஆவோமோரி நகரத்துக்குத் தெற்கே, ஹக்கோடா என்றொரு மலைக்கூட்டம் இருக்கிறது. அதன் மிக உயர்ந்த சிகரமே 1,585 மீற்றர்தான். எங்கட நுவரெலியா நகரம் இதைவிட உயரத்தில் இருக்கு. 1902 ஜனவரியில், ஒரே ஒரு இரவு தங்கிவிட்டுத் திரும்பலாம் என்று இந்த மலைக்குள் நடந்துபோன 210 படையினரில் 199 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் இறந்தது சிகரங்களில்கூட இல்லை. கிட்டத்தட்ட பதுளை நகரத்தின் உயரத்தில் இருக்கிற சரிவுகளிலும் ஆற்றுப் பள்ளங்களிலும்தான்.

அதே நாட்களில், அதே மலையை எதிர்ப்பக்கத்தால் கடந்த இன்னொரு படைக்குழு ஒருவரையும் இழக்காமல் வீடு திரும்பியது. இந்த இரண்டு குழுக்களையும் ஒப்பிட்டுப் பேசுவது ஜப்பானில் ஒரு பழகிப்போன விசயம். நாவல் வந்திருக்கிறது, பெரிய படம் வந்திருக்கிறது, கம்பனி முகாமையாளர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் ‘நல்ல தலைவர், கெட்ட தலைவர்’ என்று பாடமும் நடக்கிறது. இந்தக் கதையில் இரண்டு கப்டன்மாரைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கிறார்கள். எனக்கு அவர்களுக்கு முன்னால் நடந்துபோன ஆக்களைப் பற்றிக் கதைக்க வேண்டியிருக்கிறது.

முதலில், இராணுவத்துக்கு ஏன் அந்தக் குளிருக்குள் மலையேறும் யோசனை வந்தது? 1895இல் சீனாவுடனான போரில் ஜப்பான் வென்று லியாவோதுங் குடாநாட்டைப் பெற்றது. ரஷ்யாவும் பிரான்சும் ஜேர்மனியும் சேர்ந்து நெருக்கி அதைத் திருப்பிக் கொடுக்க வைத்தன. அன்றிலிருந்து அடுத்த எதிரி ரஷ்யாதான் என்பது ஜப்பானியப் படைத்தலைமைக்குத் தெளிவு. ரஷ்யாவோடு போர் என்றால் அது குளிரில் நடக்கும் போர். இன்னொரு பயமும் இருந்தது. ரஷ்யக் கப்பல்கள் முத்சு விரிகுடாவுக்குள் வந்து நின்றால், ஆவோமோரியின் கரையோர ரெயில் பாதையையும் வீதியையும் குண்டுபோட்டு மறித்துவிடலாம். அப்படி நடந்தால் மலைக்குள்ளால் உணவும் ஆயுதமும் கொண்டுபோக முடியுமா? அதுவும் மாரியில்? இதைச் சோதித்துப் பார்க்கத்தான் இரண்டு ரெஜிமென்ற்றுகள் தனித்தனியாகத் திட்டம் போட்டன. ஆவோமோரியில் இருந்த 5ஆவது காலாட்படை ரெஜிமென்ற் ஒன்று. ஹிரோசாகியில் இருந்த 31ஆவது ரெஜிமென்ற் மற்றது.

இங்கே பனி என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். எங்களுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிக்கிற ஈரம், மிஞ்சிப்போனால் நுவரெலியாவில் சில நாட்களில் படிகிற வெள்ளைப் படலம். ஹக்கோடாவின் பனி வேறு சாதி. சைபீரியாவிலிருந்து வரும் காய்ந்த குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து, முதலில் தடுக்கிற மலைகளில் கொட்டும். ஹக்கோடாவில் உள்ள சுகாயு என்ற வெந்நீரூற்று இடத்தில் 2013 பெப்ரவரியில் 566 சென்ரிமீற்றர் பனி குவிந்திருந்ததை அளந்திருக்கிறார்கள். இரண்டு மாடி வீட்டின் கூரையளவு. பாதை, வேலி, ஓடை, பற்றை எல்லாமே அதற்குக் கீழே போய்விடும். ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு மட்டும்தான் எது எங்கே கிடக்கிறது என்று தெரியும்.

5ஆவது ரெஜிமென்ற்றின் குழு கப்டன் கன்னாரி புன்கிச்சியின் கீழ் வெளிக்கிட்டது. அவருக்கு மேலதிகாரியான மேஜர் யமகுச்சி ஷின்னும் கூடவே போனார். போக வேண்டிய இடம் தாஷிரோ என்ற வெந்நீரூற்று. ஆவோமோரியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர். கோடையில் ஒரு பகல் நடை. 14 சறுக்குவண்டிகளில் அரிசி, மரக்கரி, சமையல் பாத்திரங்கள் எல்லாம் சேர்த்து ஒரு தொன்னுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். சில நாட்களுக்கு முன்னர், ஜனவரி 18இல், கொஞ்சத் தூரம் ஒத்திகை பார்த்திருந்தார்கள். அன்றைக்கு நல்ல வெயில். எல்லாம் சுகமாக முடிந்தது. அந்த ஒத்திகையே நடக்காமல் இருந்திருந்தால் நல்லம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நல்ல நாளில் பார்த்த ஒத்திகை, கெட்ட நாளைப் பற்றி ஒன்றையும் சொல்லித்தராது. ‘இவ்வளவுதானா’ என்ற தைரியத்தை மட்டும் தந்துவிட்டுப் போகும்.

ஜனவரி 23 காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் முகாமை விட்டார்கள். கம்பளி மேலங்கி, வைக்கோலால் பின்னிய சப்பாத்து, பருத்திக் கையுறை. கனபேர் இரவு வெந்நீரில் குளித்துவிட்டுச் சாக்கே குடிக்கலாம் என்ற நினைப்பில்தான் போனார்கள். மலைக்கு முன்னால் இருக்கும் கடைசிக் கிராமம் தாமோகினோ. அந்த ஊர்ச் சனம் இந்த நேரத்தில் மலைக்குள் போகாதேயுங்கோ என்று தடுத்தது. போகத்தான் வேணுமென்றால் வழிகாட்டிக்கு ஆள் பிடியுங்கோ என்றது. இராணுவம் மறுத்துவிட்டது. வரைபடமும் திசைகாட்டியும் இருந்தனவாம். வழிகாட்டிக் கூலிக்கு ஆசைப்பட்டு ஊரவர்கள் பயமுறுத்துகிறார்கள் என்றும் நினைத்தார்கள்.

மதியத்துக்குள் காற்று கிளம்பிவிட்டது. மதிய உணவுக்கு நின்ற இடத்திலேயே சோறு கல்லாக உறைந்திருந்தது. கூடப்போன இராணுவ வைத்தியர் திரும்பிப் போவோம் என்று சொன்னார். கீழ்நிலை அதிகாரிகள் பலர் போவோம் என்று நின்றார்கள். போனார்கள். சறுக்குவண்டிகள் புதுப்பனியில் புதைய, அவற்றை இழுக்கிற ஆட்கள் வியர்வையில் நனைந்தார்கள். பின்னேரம் வண்டிகளைக் கைவிட்டு, சாமான்களை முதுகில் ஏற்றினார்கள். வெந்நீரூற்றைத் தேடிப் போன முன்குழு வட்டமடித்துப் பிரதான குழுவின் வாலிலேயே வந்து முட்டியது. இருட்டிவிட்டது. அங்கேயே பனிக்குள் தங்குவது என்று முடிவானது. தாஷிரோவுக்கு இன்னும் ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுதான் இருந்தது.

அந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஐந்து குழிகள் தோண்டினார்கள். ஒவ்வொன்றும் 2 மீற்றர் அகலம், 5 மீற்றர் நீளம், 2.5 மீற்றர் ஆழம். ஒன்றுக்குள் 40 பேர். பத்துச் சதுர மீற்றருக்குள் 40 பேர் என்றால் இருக்கேலாது, நிற்கத்தான் முடியும். மேலே கூரை இல்லை. இரண்டரை மீற்றர் தோண்டியும் மண் வரவில்லை என்பதுதான் அடுத்த பிரச்சினை. பனியின் மேலேயே கரியைப் போட்டு மூட்ட வேண்டியிருந்தது. நெருப்பு பிடிக்கவே ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டச் சென்றது. பிடித்த பிறகு, அடியில் பனி உருக, அடுப்பும் பானையும் சரிந்து உள்ளே இறங்கிக்கொண்டே போயின. நள்ளிரவு தாண்டி அரைவேக்காட்டுச் சோறு கொஞ்சம் கிடைத்தது. சூடாக்கிய சாக்கேயில் ஏதோ நாற்றம் என்று பலர் குடிக்கவில்லை.

பனிக்குழி என்பதே பிழையான யோசனை இல்லை. காற்று படாமல் இருந்தால் பனி நல்ல கம்பளிபோல வேலை செய்யும், ஏனென்றால் அதற்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைக் கடத்தாது. இன்றைக்கும் மலையேறுபவர்கள் பனியைக் குடைந்து குகை செய்துதான் படுக்கிறார்கள். ஆனால் அந்தக் குகையின் வாசல் சின்னதாக இருக்க வேணும், மேலே மூடியிருக்க வேணும், கீழே ஏதாவது விரித்திருக்க வேணும், உடுப்பு காய்ந்திருக்க வேணும். இங்கே நாலுமே இல்லை. இழுத்துக் களைத்து வியர்த்த உடுப்பு உடம்பிலேயே உறைந்தது. நித்திரை கொண்டால் செத்துவிடுவாய் என்று சொல்லிச்சொல்லிப் பாட்டுப் பாட வைத்தார்கள், காலை மாற்றி மாற்றி மிதிக்க வைத்தார்கள்.

விடியும் வரை அங்கேயே நின்றிருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்களோ, அதைச் சொல்ல முடியாது. அவர்கள் நிற்கவில்லை. இப்படியே நின்றால் உறைந்துவிடுவோம் என்ற பயத்தில் அதிகாலை இரண்டு மணிக்குப் பின்னர், கண் தெரியாத இருட்டில், ஆவோமோரிக்குத் திரும்புகிறோம் என்று குழியை விட்டு வெளிக்கிட்டார்கள். எனக்கு விளங்கின அளவில், முகாமை விட்டு வந்ததைவிடப் பெரிய பிழை இதுதான். வழி தவறி ஓர் ஆற்றுப் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். தாஷிரோவுக்கு வழி தெரியும் என்று ஒரு சேர்ஜன்ட் மேஜர் சொல்ல, அவருக்குப் பின்னால் போனார்கள். அதுவும் பிழைத்தது. ஒரு முழு நாள் நடந்து, அடுத்த இரவு அவர்கள் நின்ற இடம் முதல் குழியிலிருந்து நேர்கோட்டில் ஒரு கிலோமீற்றர்கூட வராது. மண்வெட்டி கொண்டுவந்தவர்கள் வழியில் விழுந்துவிட்டதால் இரண்டாவது இரவு குழிகூட இல்லை.

அடுத்த நாள், ஜனவரி 25, ஹொக்கைடோவின் அசாஹிகாவாவில் மறை 41.0 பாகை செல்சியஸ் பதிவானது. ஜப்பானின் உத்தியோகபூர்வ அவதான நிலையங்களில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை இன்றைக்கும் அதுதான். ஹக்கோடாவில் ஆட்கள் மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டுச் செத்தார்கள். விசர் பிடித்ததென்று அப்போது எழுதினார்கள். உடல் வெப்பம் அளவுக்கு மிஞ்சிக் குறையும்போது, அதுவரை சுருங்கிக்கிடந்த தோலின் இரத்தக்குழாய்கள் தளர்ந்துபோக, சூடான இரத்தம் வெளியே பாய்ந்து, செத்துக்கொண்டிருப்பவருக்கு உடம்பு எரிவதுபோல இருக்கும் என்பது இன்றைய மருத்துவ விளக்கம்.

ஆவோமோரியில் முதலில் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. வெந்நீரூற்றில் சுகமாக இருப்பார்கள் என்று நினைத்தார்கள். 24ஆம் திகதி மலையடிக்கு ஆள் அனுப்பிக் கஞ்சி காய்ச்சி வைத்துக் காத்திருந்தார்கள். 27ஆம் திகதிதான் தேடிப்போனவர்கள் முதல் ஆளைக் கண்டார்கள்: கோப்ரல் கோதோ ஃபுசானோசுகே, மார்பளவு பனிக்குள் நின்றபடி, உயிரோடு. அவர் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. கடைசியில் உயிரோடு மிஞ்சினவர்கள் 11 பேர். அவர்களில் எட்டுப் பேர் கை கால்களை இழந்தார்கள். மேஜர் யமகுச்சி மீட்கப்பட்டு ஆசுப்பத்திரியில் இறந்தார். பெரிய காயமில்லாமல் தப்பின லெப்டினன்ட் குராய்ஷியின் காலில் தோக்கியோவில் வாங்கின றப்பர் சப்பாத்து இருந்தது. படிக்கிறபோது கொஞ்சம் கோபம் வருகிற இடம் இது.

தேடுதலின் தளம் எங்கே தெரியுமா? தாமோகினோவில். வேண்டாம் என்று சொன்ன அதே ஊர். தேடுதல் மே 28 வரைக்கும் நடந்தது. பனி உருகி ஆறு பெருக, ஆற்றுக்குள்ளாலும் உடல்கள் வந்தன. ஹொக்கைடோவிலிருந்து ஐனு மக்கள் தங்கள் நாய்களோடு வந்து, இராணுவம் கண்டுபிடிக்க முடியாத உடல்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். மூன்று வருடங்களுக்கு முன்னர்தான், 1899இல், ‘முன்னாள் பூர்வகுடிகள் பாதுகாப்புச் சட்டம்’ என்ற பெயரில் அதே அரசு ஐனு மக்களை அவர்களின் வாழ்க்கை முறையிலிருந்து கழற்றி விவசாயிகளாக்கப் புறப்பட்டிருந்தது. பனியில் ஆளைத் தேடத் தேவைப்பட்டபோது மட்டும் அந்த வாழ்க்கை முறையின் அறிவு தேவைப்பட்டது.

இனி மற்றக் குழுவுக்கு வருவோம். கப்டன் ஃபுகுஷிமா தாய்ஸோவின் கீழ் 37 பேர், கூட ஒரு பத்திரிகை நிருபர். ஜனவரி 20இல் ஹிரோசாகியை விட்டு, பெரிய வட்டமாகச் சுற்றி, 12 நாட்களில் 200 கிலோமீற்றருக்கு மேல் நடந்து, 31ஆம் திகதி திரும்பினார்கள். சறுக்குவண்டி கிடையாது. தங்குமிடம், சாப்பாடு, வழிகாட்டி மூன்றையும் வழியிலுள்ள ஊர்களிடம் முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டிருந்தார் ஃபுகுஷிமா. ஓர் ஊரின் வழிகாட்டிகள் அடுத்த ஊரில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கே புது ஆட்கள் முன்னால் நடப்பார்கள். தலைமைத்துவப் பாடம் எடுக்கிறவர்கள் இதைத்தான் ‘உள்ளூர் அறிவை மதித்தார்’ என்று சொல்கிறார்கள்.

மதித்தாரா? பயன்படுத்தினார் என்றால் சரி. ஹக்கோடாவைக் கடக்கும் மிகக் கடினமான கட்டத்துக்கு, மலையின் கிழக்குப் பக்கத்து ஊரொன்றிலிருந்து ஏழு பேர் வழிகாட்டிகளாகப் போனார்கள். ஜனவரி 28 இரவு தாஷிரோவுக்குக் கிட்ட அவர்களும் பனிக்குள்தான் நின்றார்கள். அடுத்த நாள் அந்த ஏழு பேரும் பனியை மிதித்து வழி வெட்ட, அந்தத் தடத்தில் படை நடந்தது. முன்னால் போகிறவர் இடுப்பளவு பனியை உடைக்க வேணும். பின்னால் வருகிறவருக்குப் பாதை கிடைத்துவிடும். 38 பேர் உயிரோடு திரும்பினதன் பெரும் பங்கு அந்த முன்வரிசையில் இருக்கிறது. வழியில் 5ஆவது ரெஜிமென்ற் சிப்பாய்களின் உடல்களைக் கண்டதாக வழிகாட்டிகள் பின்னாளில் சொன்னார்கள்.

நடு இரவில் தாமோகினோவுக்குக் கிட்ட வந்ததும் வழிகாட்டிகளின் வேலை முடிந்தது. ஊரில் பின்னர் பதிவான கதையின்படி, ஆளுக்கு 2 யென் கொடுத்து, இந்த நாட்களில் கண்டதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று கட்டளையிட்டு, அங்கேயே விட்டுவிட்டுப் படை போய்விட்டது. ஏழு பேருக்கும் கை கால்களில் குளிர் தின்ற காயம். அதோடு அவர்கள் தாங்களாகவே வீடு போய்ச்சேர வேண்டியிருந்தது. இராணுவ வைத்தியமும் இல்லை, நட்டஈடும் இல்லை. விவசாயம் செய்து பிழைக்கிறவருக்கு விரல் போனால் என்ன போகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அவர்கள் வாயைத் திறக்கவுமில்லை. அந்தக் காலத்தில் இராணுவம் சொல்லக்கூடாதென்றால் அது சும்மா கதையில்லை.

நினைவுச்சின்னங்களின் திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோதோவின் வெண்கலச் சிலை, அவர் பனியில் நின்ற அதே கோலத்தில், 1906இலேயே மலையில் எழுந்துவிட்டது. ரஷ்யாவோடு போர் வென்று முடிந்த அடுத்த வருடம். செய்தவர் ஒகுமா உஜிஹிரோ. தோக்கியோவின் யசுகுனி ஆலயத்தில் நிற்கும் ஒமுரா மசுஜிரோ சிலையைச் செய்த அதே சிற்பி. ஆவோமோரியின் கோபாதாவில் இறந்த 199 பேருக்கும் இராணுவ மயானம் இருக்கிறது. அங்கே அதிகாரிகளின் கல் பெரிது, சிப்பாய்களின் கல் சிறிது. ஒரே குழியில் ஒரே குளிரில் நின்றவர்கள் செத்த பிறகும் பதவி வரிசையில் நிற்கிறார்கள். வழிகாட்டிகள் ஏழு பேருக்கு ஒரு கல் எழுந்தது கிட்டத்தட்ட 30 வருடங்களுக்குப் பிறகு, அவர்களின் பகுதியில்.

இரண்டு கப்டன்மாரையும் வைத்து இந்தக் கதையைப் பிரபலமாக்கியது நித்தா ஜிரோ 1971இல் எழுதிய நாவல். பெயர்களை மாற்றி, இரண்டு படைகளும் மலையின் நடுவில் சந்திக்கப் போட்டிபோட்டுப் புறப்பட்டதாக அவர் எழுதினார். நாவலுக்கு அது வேணும். வரலாற்றில் அப்படி ஒரு பந்தயம் இல்லை. நாவலை வரலாறாக எடுத்துக்கொண்டு மேஜரைத் திட்டுகிற, கப்டனைப் புகழ்கிற கட்டுரைகள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. அந்த ‘நல்ல தலைவர்’ ஃபுகுஷிமாவும், தப்பிவந்த குராய்ஷியும் 1905 ஜனவரியில் மஞ்சூரியாவின் பனிக்குள் நடந்த ஒரே சமரில் செத்தார்கள். எதற்காக அந்த ஒத்திகையெல்லாம் நடந்ததோ, அந்தப் போர்.

1977இல் மோரிதானி ஷிரோ நாவலைப் படமாக்கினார். தக்காகுரா கென் நடித்த, உண்மையான பனிக்குள் எடுத்த படம். கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். அதில் ஓர் இளம் பெண் ஒரு கட்டத்தில் படைக்கு வழிகாட்டுவாள். சிரித்துக்கொண்டு, பனியில் துள்ளிக்கொண்டு முன்னால் போவாள். ஊர் வந்ததும் கப்டன் முழுப் படையையும் நிறுத்தி அவளுக்கு சல்யூட் அடிக்க வைப்பார். பார்க்கிற எவருக்கும் தொண்டை அடைக்கும். அதே காட்சி நாவலில் வேறு மாதிரி. ஊர் நெருங்கினதும் வழிகாட்டி இனிப் பின்னுக்குப் போ என்று கப்டன் சொல்வார், கையில் 50 சென் காசைக் கொடுப்பார், படை கம்பீரமாக ஊருக்குள் நுழையும். படம் எடுத்தவர்கள் அந்த 50 சென்னை சல்யூட்டாக மாற்றியிருக்கிறார்கள். நாவலாசிரியர் மாற்றாமல் விட்டிருந்தார்.